கரன்ட் போனாலும் காற்று போகாது!

ஆபீஸில் ஒருவர் வழக்கத்துக்கு மாறாகச் சிரித்த முகத்தோடு உங்கள் மேஜைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்கிறாரா? உஷார்! காரணம் மூன்றில் ஒன்றுதான். கைமாற்று, இன்ஷூரன்ஸ் பாலிசி, டொனேஷன் டிக்கெட்.

முதல் இரண்டுக்கும் நம்மிடம் பதில் தயார். "நானே உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்" என்றால் கைமாற்று தானாக எழுந்து போய்விடும். "என் மச்சினனே ஏஜென்ட்தான் சார்" என்றால் பாலிசியும் பக்கத்து மேஜைக்கு நகர்ந்துவிடும். மூன்றாவதுதான் வில்லங்கம். "நல்ல காரியம் சார்..." என்று இழுத்தால் எப்பேர்ப்பட்ட கஞ்சனும் பர்ஸைத் தடவுவான். நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய அந்த டிக்கெட் சட்டைப் பையில் ஒரு வாரம் இருக்கும். அப்புறம் சட்டையோடு சலவைக்குப் போகும். டிக்கெட் போன இடத்துக்கெல்லாம் நாம் போவதில்லை. முக்கியமாக, கச்சேரிக்கு!

இதில் நமக்கு இரண்டு நஷ்டம். ஒன்று, பாட்டு போச்சு. இன்னொன்று, "நம்ம நூறு ரூபா கடைசியில யார் கைக்குப் போச்சு?" என்று கேட்கும் வாய்ப்பும் போச்சு. முதல் நஷ்டத்தைப் பற்றி எழுத நாட்டில் நிறைய ரசிகர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி எழுத பி.காம். படித்த ஒருத்தன் வேண்டாமா?

உதவி நிதிக் கச்சேரி என்பது இன்று நேற்று வந்ததில்லை. ஹேண்டல் என்ற இசை மேதையின் ‘மெசையா’ முதன்முதலாக அரங்கேறியது 1742-ம் வருஷம் ஏப்ரல் 13-ம் தேதி, அயர்லாந்தின் டப்ளின் நகரத்தில். அதுவே ஒரு உதவி நிதிக் கச்சேரிதான். ஹாலில் 600 பேர் உட்காரலாம். வந்ததோ 700 பேர்! எப்படிச் சமாளித்தார்கள் தெரியுமா? "பெண்மணிகள் பாவாடைக்குள் வளையம் வைத்துக்கொண்டு வராதீர்கள், ஆண்கள் இடுப்பில் வாளோடு வராதீர்கள்" என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். பாவாடையும் வாளும் சுருங்கியதில் இன்னொரு நூறு பேருக்கு இடம் கிடைத்தது. ‘அட்ஜஸ்ட் பண்ணி உட்காருங்க’ என்பது தமிழ்நாட்டு பஸ்களில் பிறந்த தத்துவம் என்று இதுநாள்வரை நினைத்திருந்தேன்.

வசூல் சுமார் 400 பவுண்ட். இரண்டு பங்கு மருத்துவமனைகளுக்கு. மூன்றாவது பங்கு, கடனைக் கட்ட முடியாமல் ஜெயிலில் கிடந்தவர்களுக்கு. அந்தப் பணத்தில் கடன் அடைந்து வெளியே வந்தவர்கள் 142 பேர் என்று கணக்கு இருக்கிறது. இசை தெரிந்தவர்களுக்கு அந்தக் கச்சேரியில் பிடித்தது எதுவோ, எனக்குப் பிடித்தது இந்த 142. இருநூற்று எண்பது வருஷம் தாண்டியும் வரவும் செலவும் தெரிகிறதே, அதுதானய்யா கணக்கு!

கணக்கில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1971 ஆகஸ்ட் 1. நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். பங்களாதேஷ் அகதிகளுக்காக பண்டிட் ரவிசங்கரும் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனும் சேர்ந்து நடத்திய கச்சேரி. ஒரே நாளில் இரண்டு காட்சி. ரவிசங்கர் கோஷ்டி சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் ஆரவாரமாகக் கை தட்டியதாம். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருக்கிறதென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்கிற மாதிரி சிரிக்காமல் சொன்னார் பண்டிட்ஜி. (நம்ம சபாக்களில் இது தலைகீழ். வாசிப்பு நடக்கும்போது கேன்டீனுக்குப் போவோம்.)

டிக்கெட் வசூல் 2,43,418 டாலர் சொச்சம். அது உடனே யுனிசெஃப் கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த இசைத்தட்டு, சினிமாப் படம் இரண்டிலும் இதைவிடப் பல மடங்கு பணம். அந்தப் பணம்தான் மாட்டிக்கொண்டது. வரி விலக்குக்கு முன்கூட்டியே முறைப்படி ஏற்பாடு செய்யாததால், பெரும் பகுதி வருமான வரித் தகராறில் வருஷக்கணக்கில் முடங்கியது. பசித்த குழந்தைக்கு எடுத்து வைத்த சோறு, ஃபைலுக்குள்ளேயே ஆறிப் போனது. பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் போதாது, சார். ஆடிட்டரும் நன்றாக அமைய வேண்டும்.

நம்ம பக்கத்தில் எம்.எஸ். அம்மாவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறையாது. நல்ல காரியங்களுக்காக அவர் பாடிக் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. 1974-ல் அவருக்கு வந்த மகசேசே விருது சங்கீதத்துக்காக வந்ததில்லை; பொதுச் சேவைக்காக வந்தது. குரலுக்கு விருது கிடைப்பது பெரிய விஷயம். அந்தக் குரலால் வந்த காசு போய்ச் சேர்ந்த இடத்துக்கு விருது கிடைப்பது அதைவிடப் பெரிய விஷயம்.

இனி டப்ளின், நியூயார்க் எல்லாம் போதும். திருச்சிக்கும் கரூருக்கும் நடுவே, காவிரியை ஒட்டி இருக்கும் ஓர் ஊருக்கு வாருங்கள். ஊர் பேரும் ஆட்கள் பேரும் வேண்டாம். சம்பந்தப்பட்டவர் கூச்ச சுபாவி. பேர் போட்டால் அடுத்த கல்யாணத்தில் என் தலைக்கு நேரே ஸ்பீக்கர் பாக்ஸை வைத்துவிடுவார்.

அவர் மைக்செட் அண்ணன். முப்பது வருஷமாக அந்த வட்டாரத்தில் எந்தக் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றாலும் விடியற்காலை முதல் சத்தம் அவருடையதுதான். மெல்லிசைக் கச்சேரி என்றால் சாயங்காலம் நாலு மணிக்கே வந்து, "ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ" என்பார். முப்பது வருஷ மேடை வாழ்க்கையில் அவர் பேசிய மொத்த வசனமும் அவ்வளவுதான். கச்சேரி நன்றாக இருந்தால் பாடகருக்கு மாலை. நன்றாக இல்லாவிட்டால், "மைக்செட் சரியில்லப்பா!"

போன வருஷம் ஒரு திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்ட ஏணியில் ஏறியவர், ஏணியோடு சரிந்தார். தொடை எலும்பு இரண்டாகப் போச்சு. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் ஆபரேஷன் செலவு பெரிதாக இல்லை. உள்ளே கம்பி வைத்து அனுப்பினார்கள். "ஆறு மாசம் பாரம் தூக்கக் கூடாது" என்றார் டாக்டர். ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் என்ன எடை என்று டாக்டருக்குத் தெரியுமோ என்னவோ!

அங்கேதான் சிக்கல். புது மிக்ஸரும் பாக்ஸும் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை. ஒரு பெண் பாலிடெக்னிக், ஒரு பையன் பத்தாவது. ஆறு மாசத்துக்கு அடுப்பு எரிய வேண்டும். ஆபரேஷனுக்குக் காப்பீடு உண்டு. அரிசிக்கு ஏது காப்பீடு?

நாம் ஆபீஸில் இருந்துகொண்டு பி.எஃப். பிடித்தத்தைப் பார்த்து முனகுகிறோம். மெடிக்கல் லீவு, ஈ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி என்று ஆயிரம் சொல்லித் திட்டுகிறோம். மெல்லிசைக் குழுக்காரர்களுக்கு முனகுவதற்குக்கூடப் பிடித்தம் கிடையாது. அவர்களுக்கு முதலாளி யார்? கல்யாண வீட்டுக்காரரா? அவர் மாப்பிள்ளை வீட்டைச் சமாளிப்பாரா, தபலாக்காரருக்கு பி.எஃப். கட்டுவாரா? எஸ்.பி.பி.யின் மெல்லிசைக் குழுவில் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் எல்லாம் வாசித்த கதை நமக்குத் தெரியும். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது, ராஜா ராஜாவாகிவிட்டார். அந்த மாதிரி மேலே போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். போகாதவர்கள்தான் ஒவ்வொரு ஊரிலும் ஆடி மாசத் திருவிழாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

மைக்செட் அண்ணனுக்காக ஒரு கச்சேரி நடத்தலாம் என்று முடிவெடுத்தது அப்படிப்பட்ட ஒரு குழுதான். பதினோரு பேர். ஒருவருக்கும் பேமென்ட் கிடையாது. வரவு செலவு பார்க்க ஆள் வேண்டுமே என்று தேடினார்கள். பி.காம். என்று தெரிந்தால் நம்ம ஊரில் விநாயகர் சதுர்த்தி கமிட்டியிலிருந்து வாலிபால் கிளப் வரை அவன்தான் பொருளாளர். அந்தப் பதவி என் தலையில் விழுந்தது.

முதல் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் பேச ஆரம்பித்தார். எழுபத்து நாலு வயது. தபால் இலாகாவில் ரிடையர்டு. குழுவில் எல்லோருக்கும் அவர் ‘அக்கார்டியன் சார்’. அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"கடைசில கணக்கை எழுதி ஹால் வாசல்ல ஒட்டணும் தம்பி. டீ செலவு உள்பட. சம்மதம்னா நான் வாசிக்கறேன்."

"இன்னுமா சார் வாசிக்கறீங்க?" என்று கேட்டேன்.

"மூச்சு விடறேனா இல்லையா? அப்ப வாசிக்கறேன்" என்றார்.

அக்கார்டியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்றைய பையன்கள் அதை ‘நெஞ்சுல மாட்டற ஆர்மோனியம்’ என்கிறார்கள். பெரிய தப்பில்லை. இரண்டும் ஒரே குடும்பம். உள்ளே மெல்லிய உலோக நாக்குகள், அவற்றை அதிர வைக்கக் காற்று, காற்றைத் தள்ள ஒரு துருத்தி. 1829-ல் வியன்னாவில் சிரில் டெமியன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு இத்தாலியின் காஸ்டல்ஃபிதார்தோ, ஜெர்மனியின் டிராஸிங்கன் என்று ஊரே அக்கார்டியன் செய்து பிழைக்கும் அளவுக்கு வளர்ந்தது. டிராஸிங்கன்தான் ஹோனர் கம்பெனியின் ஊர். அங்கே அக்கார்டியன் ஆர்க்கெஸ்ட்ரா என்றே ஒன்று உண்டு. இருபது முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, எல்லோரும் அக்கார்டியனே வாசிப்பார்கள். வயலின் வேலையை ஒரு வரிசை, புல்லாங்குழல் வேலையை ஒரு வரிசை, அடிச் சுருதிக்கு ஒரு வரிசை. நம்ம ஊரில் குழுவுக்கு ஒரு அக்கார்டியன் இருந்தாலே பெருமை.

பெரிய சைஸ் அக்கார்டியன் என்றால் வலது கைக்கு பியானோ மாதிரி 41 கட்டை, இடது கைக்கு 120 பட்டன். எடை பத்துப் பன்னிரண்டு கிலோ. ஒரு வயதுக் குழந்தையை மூன்று மணி நேரம் மார்போடு தூக்கிவைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் டைப் அடிப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையாவது நடுவில் தூங்கும்.

இந்தி சினிமாவில் ‘சங்கம்’ (1964) படத்தில் ராஜ்கபூர் அதை மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து எத்தனை பேர் அக்கார்டியன் கனவு கண்டார்களோ! ‘ஆராதனா’வில் (1969) ராஜேஷ் கன்னாவும் ஷர்மிளா தாகூரும் வரும் அந்த மழை இரவுப் பாட்டு நினைவிருக்கிறதா? அதில் கிறுகிறுக்க வைக்கும் அக்கார்டியனை வாசித்தவர் கெர்ஸி லார்ட். நம்ம மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. குழுவில் அக்கார்டியன் என்றால் மங்களமூர்த்தி. படத்தில் ஹீரோயின் வெட்கப்பட வேண்டும் என்றால் பாதி வேலையை அவர் விரல்கள் பார்த்துக்கொள்ளும்.

அக்கார்டியன் சாரின் பெட்டி ஹோனர். 1970-களில் பொன்மலை ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தபோது விற்றுவிட்டுப் போனது. தபால் ஆபீஸ் சம்பளத்தில் பத்துத் தவணையாகக் கொடுத்து வாங்கியிருக்கிறார். அப்புறம் கீபோர்டு காலம் வந்தது. 1983-ல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்ததிலிருந்து உலகம் முழுக்க மேடைகளில் கீபோர்டு ஆட்சிதான். ஒரு பட்டனைத் தட்டினால் வயலின், இன்னொன்றைத் தட்டினால் புல்லாங்குழல், மூன்றாவதைத் தட்டினால் அக்கார்டியன். மூன்று பேர் சம்பளம் மிச்சம். வேனில் இடமும் மிச்சம்.

"கோபம் வரலையா சார்?"

"எதுக்கு வரணும்? இப்ப கீபோர்டுக்காரன் வேலைக்கும் உலை வந்தாச்சு. கரோக்கே டிராக்கை பென் டிரைவ்ல போட்டுக்கிட்டு ஒத்தப் பாடகன் வந்து நிக்கறான். ஆர்க்கெஸ்ட்ராவே பாக்கெட்டுக்குள்ள!" என்று சிரித்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு கட்டையை அமுக்கி, துருத்தியை இழுத்தார். சத்தம் வந்தது. உள்ளே தள்ளினார். ஊமை.

விஷயம் இதுதான். அக்கார்டியனில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஜோடியாக நாக்கு இருக்கிறது. துருத்தியை இழுக்கும்போது ஒன்று பேசும், தள்ளும்போது மற்றது. இவர் பெட்டியில் ஒரு கட்டைக்குத் தள்ளும்போது பேச வேண்டிய நாக்கு செத்துவிட்டது. "ஆர்மோனியம் ரிப்பேர்காரர் பாத்துட்டார். இதுக்குப் பொருத்தமான நாக்கு கிடைக்கலையாம்" என்றார்.

"அப்ப எப்படி சார் வாசிப்பீங்க?"

"அந்த ஸ்வரம் வர்ற எடத்துல துருத்தி இழுவையில இருக்கற மாதிரி முன்னாலேர்ந்தே கணக்குப் பண்ணி வரணும். நீங்க மாசக் கடைசிக்கு முதல் தேதியிலேர்ந்தே கணக்குப் பண்ணலியா? அது மாதிரிதான்."

கச்சேரி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஊர் கம்யூனிட்டி ஹாலில். 450 நாற்காலி. ஆபீஸ், கடை, ஸ்கூல் என்று அலைந்து 310 டிக்கெட் விற்றிருந்தோம். பக்கத்து ஊர் மைக்செட்காரர் இலவசமாக செட் கொண்டுவந்து போட்டார். வழக்கமாக இருவரும் பரம எதிரிகள். ரேட்டைக் குறைத்து ஆர்டரைத் தட்டிப் பறிக்கிற பகை. "அவன் எந்திரிச்சு வரட்டும்ணே, அப்புறம் சண்டை போட்டுக்கறோம்" என்று ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்.

முன்வரிசையில் மைக்செட் அண்ணன், கம்பி வைத்த காலை எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொன்னாடை போர்த்தியபோது தலையைக் குனிந்துகொண்டார். கச்சேரி ஆரம்பித்ததும் ஆளே மாறிவிட்டார். பாட்டைக் கேட்கவில்லை, சத்தத்தைக் கேட்டார். மிக்ஸர் பக்கம் திரும்பி, "ட்ரெபிளைக் குறை... எக்கோ ஜாஸ்தி..." என்று கையாலேயே ஜாடை. எதிரியும் மறுபேச்சில்லாமல் திருகிக்கொண்டிருந்தார்.

ஊருக்கு ஒரு ஜூனியர் எஸ்.பி.பி. உண்டல்லவா? எங்கள் ஜூனியர் எஸ்.பி.பி. ஒரு கூட்டுறவு வங்கியில் கேஷியர். பகலில் ‘சில்லறை இல்லை’ என்று சொல்கிற அதே குரல், ராத்திரியில் தேனாக வழியும். ‘நேற்று இன்று நாளை’ (1974) படத்தில் எம்.ஜி.ஆருக்காக எஸ்.பி.பி. பாடிய அந்தத் தென்றல் பாட்டை எடுத்தார். அக்கார்டியன் சார் அப்போதுதான் எழுந்து பெட்டியை மாட்டிக்கொண்டார். பல்லவி முடிந்து இடையிசைக்குள் போகிறார்கள்...

டப்! இருட்டு.

வெளியே மழை. தெருக்கோடி டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போச்சு. கீபோர்டு செத்தது. கிடார் செத்தது. பேஸ் கிடார் செத்தது. ரிதம் பேட் செத்தது. மைக் செத்தது. ஜெனரேட்டர் இருக்கிறது, சாவி வைத்திருந்தவர் எதிர்க் கடையில் பரோட்டாவுக்கு உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் ‘ஹோ’வென்று கத்தின. மைக்செட் அண்ணன் முப்பது வருஷப் பழக்கத்தில் சட்டென்று எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

அந்த இருட்டில் ஒன்று மட்டும் நிற்கவில்லை. துருத்தி.

அக்கார்டியன் சாருக்குக் கரன்ட் போனதே ஒரு விஷயமாகத் தெரியவில்லை. இடையிசையை முழுசாக வாசித்து முடித்தார். தபலாவும் கூட வந்து சேர்ந்தது. கேஷியர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடை நுனிக்கு வந்து, தொண்டையைத் திறந்து சரணத்தைப் பாடினார். கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கின. இரண்டாவது வரியிலேயே ஹால் சேர்ந்துகொண்டது. பாட்டு வராதவன் நான்; நானும் பாடினேன். இருட்டில் யாருக்குத் தெரியப் போகிறது?

ஒவ்வொரு செல்போனாக வெளிச்சம் முளைத்தது. அந்த வெளிச்சத்தில் அவர் கையைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். அந்த ஊமைக் கட்டை வரும் இடத்துக்கு இரண்டு வரி முன்பே துருத்தி மெதுவாக உள்ளே போய்த் தயாராகிவிடும். ஸ்வரம் வரும்போது சரியாக இழுவையில் இருக்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பிசகியது. அந்த ஸ்வரம் விழவில்லை. ஹாலில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. அவர் மட்டும் லேசாகப் பல்லைக் கடித்தார்.

பாட்டு முடிந்தும் கரன்ட் வரவில்லை. "அடுத்தது போடுங்க சார்!" என்று பின்வரிசையிலிருந்து குரல். அடுத்தடுத்து இரண்டு பாட்டு. அந்த நேரத்தில்தான் குழுவின் இரண்டு பையன்கள் யாரும் சொல்லாமலே ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார்கள். வெளிச்சம் இருந்தால் பக்கத்து ஆள் எவ்வளவு போடுகிறார் என்று பார்த்துப் போடுவோம். இருட்டில் அவரவர் மனசுக்குத் தோன்றியது விழுந்தது. பதினோராவது நிமிஷம் ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் ‘கீய்ய்ய்’ என்று ஒரு அலறல். முன்வரிசையிலிருந்து அண்ணன் ஜாடை காட்டினார்: ‘வால்யூமைக் குறை!’

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அக்கார்டியன் சார் வீட்டுத் திண்ணையில் கணக்கு முடித்தோம். நூறு ரூபாய் டிக்கெட் 214. இருநூறு ரூபாய் டிக்கெட் 96. ஆக டிக்கெட் வரவு 40,600. நன்கொடை 27,000. துண்டில் விழுந்தது 18,350. மொத்த வரவு 85,950 ரூபாய். செலவு? ஹால் வாடகை, பாதி தள்ளுபடி போக, 6,000. நோட்டீஸ், டிக்கெட் அச்சு 2,300. வேன் 2,500. ஜெனரேட்டர் டீசல் 1,400. டீ, டிபன் 3,150. மொத்தம் 15,350. நிகரம் 70,600 ரூபாய். நூறு ரூபாய் வரவுக்குப் பதினெட்டு ரூபாய்கூடச் செலவில்லை. பொன்னாடை கணக்கில் வரவில்லை. அது கேஷியருக்குப் போன வருஷம் யாரோ போர்த்தியது, பிரிக்காமலே வைத்திருந்தார்.

டீ, டிபன் 3,150 என்பதில் நான் கொஞ்சம் தயங்கினேன். ‘இதர செலவு’ என்று போட்டுவிடலாமா என்று கேட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இதரன்னு எழுதினா எல்லாரும் அந்த இதரத்தையேதான் பாப்பான் தம்பி. டீன்னு எழுது. குடிச்சோம்ல?"

சாயங்காலம் அந்தக் காகிதம் ஹால் வாசலில் ஒட்டப்பட்டது. சந்தைக்குப் போகிறவர்கள் நின்று படித்தார்கள். ஒருவர் விரலால் கூட்டிச் சரிபார்த்தார். ‘டீ கொஞ்சம் ஜாஸ்தி’ என்று விமர்சனமும் வந்தது. வரட்டுமே! கேள்வி கேட்கிறவன் அடுத்த முறையும் காசு கொடுப்பான். கேட்காதவன்தான், "எல்லாம் ஏமாத்து வேலைப்பா" என்று ஒதுங்கிவிடுவான். அதனால், உங்கள் மேஜைக்கு டிக்கெட் வரும்போது தாராளமாக வாங்குங்கள். கச்சேரிக்குப் போங்கள். முடிந்த பிறகு, "கணக்கு எங்கே ஒட்டியிருக்கு?" என்று கேளுங்கள். கேட்டால் நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பணத்தை அண்ணன் வீட்டில் கொடுத்தபோது அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் பெண் எண்ணிப் பார்த்தாள். எனக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆனால் எழுபதாயிரம் எத்தனை மாசத்துக்கு வரும்? தவணை, ஃபீஸ், அரிசி என்று போனால் ஆறு மாசத்தைத் தாண்டுவதே சிரமம். நாளைக்கே தபலாக்காரருக்கு ஏதாவது என்றால் மறுபடி ஒரு கச்சேரியா? ஊரும் எத்தனை தடவை டிக்கெட் வாங்கும்? இதை நான் கேட்கும் முன்பே அக்கார்டியன் சார் யோசித்துவிட்டார். தபால் ஆபீஸ் மூளையல்லவா! குழுவில் மூன்று பேர் பேரில் ஒரு கூட்டு சேமிப்புக் கணக்கு. இனி எந்தக் கச்சேரிக்குப் போனாலும் பேமென்ட் கைக்கு வந்ததும் ஆளுக்கு ஐம்பது ரூபாய் அதில் போட வேண்டும். பதினோரு பேர், 550 ரூபாய். மைக்செட் அண்ணன் எழுந்து வந்ததும் பன்னிரண்டாவது ஆள்.

"மைக்செட்காரன் ஆர்க்கெஸ்ட்ராவில சேத்தியா சார்?" என்று கிடார் பையன் கேட்டான்.

"அன்னிக்குக் கரன்ட் போனப்ப பாத்தியே, அவன் இல்லாம உன் கிடார் என்ன சத்தம் குடுத்துச்சு?" என்றார் சார். பையன் வாயைத் திறக்கவில்லை.

இதுவரை மூன்று கச்சேரி ஆகியிருக்கிறது. கணக்கில் 1,650 ரூபாய். நாலாவது கச்சேரிக்கு முன்பே தபலாக்காரர் பையன் ஸ்கூல் ஃபீஸுக்கு ஆயிரம் ரூபாய் கடன் கேட்டிருக்கிறார். கொடுக்கலாமா, கூடாதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் கூட்டம். பொருளாளர் தவறாமல் வரவும் என்று எனக்குத் தகவல் வந்திருக்கிறது. நோட்டுப் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, இங்க் பேடு மூன்றும் வாங்கி வைத்துவிட்டேன். டீ அவர்கள் செலவு. கணக்கில் டீ என்றுதான் எழுதுவேன்.